உருளாத பக்கம், பறக்கும் வள்ளம்: ஒரு விடுதித் தளத்தைச் சரிசெய்த பதிவு

திருக்கோணமலை உப்புவெளியில் ஏழு அறை உள்ள ஒரு தங்குமிடத்துக்கான ஒற்றைப் பக்கத் தளம். மேலே கடல் படம், அதன் குறுக்கே ஒரு வள்ளம் ஓடும். அதற்குக் கீழே மெனு. பிறகு அறைகள், புறாமலைத் தீவுப் பயணம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தொடர்பு என்று ஐந்து பகுதிகள். ஜாவாஸ்கிரிப்ட் சுமார் 140 வரி. லைப்ரரி எதுவும் சேர்க்கவில்லை.

வந்த முறைப்பாடுகள் இவை. மெனு பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கீழே போனால் வர வேண்டிய ‘மேலே’ பட்டன் தலைகாட்டவே இல்லை. மெனு பட்டை ஒரு நாள் மேலே ஒட்டி நிற்கிறது, மறுநாள் பக்கத்தோடு போய்விடுகிறது. வள்ளம் சில போன்களில் பறக்கிறது. படங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. தலைப்பில் புள்ளி வட்டங்கள் மின்னுகின்றன. சோதித்தவை 360 பிக்சல் அகலமுள்ள ஒரு சாதாரண அண்ட்ராய்டு போன், 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும்) திரையுள்ள இன்னொரு போன், ஒரு மடிகணினி.

கோடிங் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறது. எடிட்டரில் வழமைபோல ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

மெனு பட்டன்

கொன்சோலைத் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் பலகம்) திறந்ததும் முதல் சிவப்பு வரி: ‘நல்’லின் (எதுவுமில்லை என்ற மதிப்பு) பண்பைப் படிக்க முடியாது, படிக்கப் போன பண்பு ‘ஆட்ஈவென்ட்லிசனர்’, அதாவது தொடுதல் போன்ற நிகழ்வுக்குக் காத்திருக்கும் ‘லிசனர்’ ஒன்றைக் கட்டுவது. இதைக் கண்டதும் புதியவர்கள் ஆட்ஈவென்ட்லிசனர் என்ற சொல்லில் எழுத்துப் பிழை தேடுவார்கள். பிழை அதற்கு இடப்பக்கம். ஐடி என்ற அடையாளப் பெயரைக் கொண்டு பக்கத்தின் ஓர் உறுப்பை (எலிமென்டை) எடுத்துத் தரும் ‘கெட்எலிமென்ட்பைஐடி’ தேடிப்போய் வெறுங்கையோடு வந்து நல்லைக் கொடுத்திருக்கிறது. ஐடி சரியாகத்தான் இருந்தது. ஸ்கிரிப்ட், பக்கக் கோப்பின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதிக்குள் இருந்ததுதான் வினை. பிரவுசர் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வருகிறது. ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தில் அந்தப் பட்டன் பக்கத்தில் இன்னும் உருவாகவில்லை.

ஸ்கிரிப்ட் டேக்கில் ‘டிஃபர்’ என்ற ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் டிஃபர், ‘எஸ்ஆர்சி’ கொடுத்து வெளிக் கோப்பாக அழைக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் செல்லும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டில் அதைப் போட்டால் பிரவுசர் கண்டுகொள்ளாது. அந்த ஸ்கிரிப்டை, பக்கத்தில் தெரிவதெல்லாம் அடங்கிய ‘பொடி’ டேக் மூடுவதற்குச் சற்று மேலே நகர்த்துவதே வழி.

அது தீர்ந்ததும் அடுத்தது வந்தது: பக்கம் திறந்த உடனே மெனு தானாக விரிந்தது, பிறகு தொட்டால் அசையவில்லை. லிசனர் வரியில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருந்தது. அடைப்புக்குறி போட்டால் ‘இப்போதே ஓடு’ என்று பொருள். ஓடி முடித்து அது திருப்பித் தருவது ‘அன்டிஃபைன்ட்’. கிளிக்குக்குப் பதிவாவது அந்த ஒன்றுமில்லாததுதான். கொன்சோலில் பிழை வரி வராது என்பதால் மணிக்கணக்கில் நேரம் தின்னும். பெயரை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது சிறியது. பட்டனின் ஓரத்தைத் தொட்டால் திறக்கிறது, நடுவில் உள்ள மூன்று கோட்டுப் படத்தைத் தொட்டால் திறப்பதில்லை. ‘ஈவென்ட் டார்கெட்’ என்பது விரல் பட்ட மிக உள்ளான எலிமென்ட், அதாவது அந்தக் கோட்டுப் படம். ஸ்கிரிப்ட் தேடும் டேட்டா குறிப்பு பட்டனில் இருக்கிறது, படத்தில் இல்லை. ‘கரன்ட்டார்கெட்’ என்று மாற்றினால் லிசனர் கட்டிய பட்டனே கிடைக்கும். பல பட்டன்களுக்கு மேலே ஒரே லிசனர் கட்டியிருந்தால் டார்கெட்டிலிருந்து ‘க்ளோசெஸ்ட்’ மூலம் பட்டனுக்கு ஏறிப்போக வேண்டும்.

உண்மையில் உருளுவது எது?

இந்தத் தளத்தில் அதிக நேரம் போனது இங்கேதான். ‘மேலே’ பட்டனின் கோடில் பிழை ஒன்றும் இல்லை: ‘வின்டோ ஸ்க்ரோல்வை’ (பக்கம் உருண்ட தூரம், பிக்சலில்) 600ஐத் தாண்டினால் பட்டனைக் காட்டு. ஆனால் எவ்வளவு கீழே போனாலும் கொன்சோலில் ஸ்க்ரோல்வை பூச்சியமாகவே நிற்கிறது. ஸ்க்ரோல் லிசனரும் ஒரு தடவைகூட ஓடவில்லை.

காரணம் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் முதல் வரிகளில். எச்டிஎம்எல், பொடி இரண்டுக்கும் சேர்த்து ‘ஹைட் 100%’, ‘ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிடன்’ (பக்கவாட்டில் வழிவதை மறை) என்று எழுதியிருந்தது. எங்கிருந்தோ ஒட்டி எடுக்கப்படும், எல்லோர் கையிலும் இருக்கும் துண்டு. ஓவர்ஃப்ளோவை ஒரு திசையில் ஹிடன் ஆக்கினால் மற்றத் திசை ‘விசிபிள்’ ஆக நிற்க முடியாது. பிரவுசர் அதை ‘ஓட்டோ’வாக மாற்றிவிடும். எச்டிஎம்எல்லின் ஓவர்ஃப்ளோ வின்டோவுக்குப் போய்விடுகிறது. பொடியின் ஓவர்ஃப்ளோ பொடியிலேயே தங்குகிறது. பொடியின் உயரம் திரையளவு, உள்ளடக்கமோ அதைப் போல பல மடங்கு. ஆகவே உருளுவது பொடி. வின்டோ அசையாமல் நிற்கிறது, அதனிடம் போய் ‘எவ்வளவு உருண்டாய்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது ஸ்கிரிப்ட்.

எது உருளுகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒரு எலிமென்டுக்குள் நடக்கும் ஸ்க்ரோல் ஈவென்ட் மேல்நோக்கிக் குமிழ்வதில்லை. ஆனால் கீழ்நோக்கி இறங்கும் ‘கப்ச்சர்’ கட்டத்தில் பிடிபடும். கொன்சோலில் டொகியூமென்டுக்கு ஒரு ஸ்க்ரோல் லிசனர் கட்டி, மூன்றாவது இடத்தில் ‘ட்ரூ’ கொடுத்து, ஈவென்ட் டார்கெட்டை அச்சிடச் சொல்லுங்கள். பக்கத்தை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் உருளுவது எதுவோ அதன் பெயர் வந்து விழும். இங்கே விழுந்தது பொடி. ஃபயர்ஃபொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுகம்: இன்ஸ்பெக்டரில் உருளும் எலிமென்டுக்குப் பக்கத்தில் ‘ஸ்க்ரோல்’ என்று சிறு முத்திரை தெரியும்.

சரி, ‘ஹைட் 100%’ஐ எடுத்துவிட்டால்? எடுத்துப் பார்த்தபோது ஸ்க்ரோல்வை உயிர் பெற்றது, ‘மேலே’ பட்டன் வந்தது, அதே நேரம் மெனு பட்டை ஒட்டுவதை நிறுத்தியது. ஒரு நாள் ஒட்டியது மறுநாள் ஒட்டாததன் இரகசியம் இதுதான். யாரோ இந்த வரியைப் போட்டும் எடுத்தும் விளையாடியிருக்கிறார்கள். பட்டையை ஒட்டவைக்கும் ‘பொசிஷன் ஸ்டிக்கி’ தன்னை உள்ளடக்கிய, ஓவர்ஃப்ளோ ஹிடன், ஓட்டோ, ஸ்க்ரோல் என ஏதாவது ஒன்று போட்ட மிக அருகிலான எலிமென்டைப் பார்த்துத்தான் ஒட்டும். அது இன்னமும் பொடி. முன்பு பொடி உருண்டது, பட்டை ஒட்டியது. இப்போது பொடி தன் உள்ளடக்கத்தின் உயரத்துக்கு வளர்ந்து உருளாமல் கிடக்கிறது, உருளுவது வின்டோ. பட்டை பொடியைப் பிடித்துக்கொண்டு அதோடு மேலே போய்விடுகிறது.

எனவே பாதியை எடுப்பதில் பயனில்லை. அந்தத் துண்டு முழுவதையும் நீக்கினோம். உடனே பக்கம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அதை மறைக்கத்தான் அந்தத் துண்டு வந்திருக்கிறது: வள்ளம் 120 பிக்சல் அகலம், அது திரைக்கு வெளியே வலப்பக்கத்தில் நின்று புறப்படுகிறது, 360 பிக்சல் பக்கம் 480 ஆகிவிடுகிறது. ஓவர்ஃப்ளோ ஹிடனை, வள்ளம் ஓடும் கடல் பட்டைக்கு மட்டும் கொடுத்தோம். அதற்குள் ஸ்டிக்கி எதுவும் இல்லை என்பதால் தீங்கில்லை. பக்கம் முழுவதையும் சுற்றிய ஒரு டிவ்வில்தான் (வெறும் பெட்டி எலிமென்ட்) வெட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் ஹிடனுக்குப் பதில் ‘க்ளிப்’ போடுங்கள். அது வெட்டும், ஆனால் உருளும் பெட்டியாக மாறாது. சஃபாரியில் 16ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

பக்கவாட்டில் எது துருத்துகிறது என்று தேட: எல்லா எலிமென்டுகளையும் ‘குவெரிசெலெக்டர்ஓல்’ நட்சத்திரக் குறியால் எடுத்து, ‘கெட்பௌண்டிங்க்ளையன்ட்ரெக்ட்’ தரும் ‘ரைட்’ மதிப்பு டொகியூமென்ட்எலிமென்டின் ‘க்ளையன்ட்வித்’தைவிடக் கூடியவற்றை மட்டும் அச்சிடுங்கள். வெட்டப்பட்டவையும் பட்டியலில் வரும் என்பதால் வள்ளத்தைக் கண்டு பதற வேண்டாம். இங்கே இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது: அறைப் படங்கள் 60 பிக்சல் வலப்புறமிருந்து வழுக்கி வருமாறு எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் கீழிருந்து 24 பிக்சல் எழும்புமாறு மாற்றினோம்.

‘மேலே’ பட்டனுக்கு 600 என்ற எண்ணையும் தூக்கிவிட்டோம். கடல் பட்டையை ஓர் ‘இன்டர்செக்ஷன் ஒப்சர்வர்’ பார்த்துக்கொண்டிருக்கும். பட்டை திரையை விட்டுப் போனால் பட்டன் வரும். ஸ்க்ரோல் லிசனரே தேவையில்லை.

தலைப்பு மெனுவுக்கு அடியில் ஒளிவது

மெனுவில் ‘கன்னியா’வைத் தொட்டால் அந்தப் பகுதி வருகிறது, அதன் தலைப்பு பட்டைக்கு அடியில் போய்விடுகிறது. எச்டிஎம்எல்லுக்கு ‘ஸ்க்ரோல் பேடிங் டொப்’ கொடுத்தால் அவ்வளவு தூரம் விட்டு நிற்கும். எவ்வளவு? மடிகணினியில் பட்டை 56 பிக்சல். போனில் ‘கோணேசர் கோயில்’, ‘தொடர்புக்கு’ எல்லாம் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாம் வரிக்கு இறங்கி 98 பிக்சல். தமிழ் மெனுவில் உயரத்தை எண்ணாக எழுதி வைப்பது சரிவராது. ஒரு ‘ரீசைஸ் ஒப்சர்வர்’ பட்டையின் ‘ஓஃப்செட்ஹைட்’டை அளந்து சிஎஸ்எஸ் மாறி ஒன்றில் எழுதும், பேடிங் அந்த மாறியை வாசிக்கும். தமிழ் எழுத்துரு தாமதமாக இறங்கி உயரம் மாறினாலும் அது மறுபடி அளந்துகொள்ளும்.

அப்படியும் சில வேளை தவறிய இடத்தில் நின்றது. படங்களுக்கு அகலமும் உயரமும் எழுதாததால் அவை இறங்கும் வரை உயரம் பூச்சியம். இறங்கியதும் கீழே உள்ளதை எல்லாம் தள்ளுகின்றன. ‘வித் 1200’, ‘ஹைட் 800’ என்று இமேஜ் டேக்கிலேயே எழுதி, சிஎஸ்எஸ்ஸில் ‘ஹைட் ஓட்டோ’ விட்டால் பிரவுசர் 3:2 விகிதத்தில் இடம் பிடித்து வைக்கும்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு. பகுதிகளுக்கு ஐடியும் தமிழில் இருந்தது. தொட்டால் பிரவுசர் சரியாகவே கொண்டுபோகிறது. ஆனால் எந்தப் பகுதி என்று பார்த்து மெனுவுக்கு நிறம் போடும் ஸ்கிரிப்ட் ‘லொகேஷன் ஹாஷ்’ஐ வாசிக்கிறது, அது தரும் சரம் சதவீதக் குறிகளாகக் குறியாக்கப்பட்டது. ‘கன்னியா’ என்பது 7 குறியீட்டுப் புள்ளி (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி), யூடிஎஃப் 8இல் 21 பைட், ஹாஷில் தலையில் நிற்கும் ‘#’ போக 63 எழுத்து. அதை அப்படியே ‘குவெரிசெலெக்டர்’இடம் கொடுத்தால் செல்லாத செலெக்டர் என்று பிழை வீசும். முதலில் அந்த ‘#’ குறியை வெட்டி, ‘டிகோட்யூஆர்ஐகொம்போனென்ட்’ ஊடாக விட்டு, கெட்எலிமென்ட்பைஐடியால் தேட வேண்டும். இதற்கும் மேலே ஒன்று: ‘கோ’வின் கொம்புக்கால் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறு வேறு. ‘நோர்மலைஸ்’ போட்டு ஒன்றாக்கலாம். ஐடியை ஆங்கில எழுத்தில் வைப்பது அதைவிடச் சுலபம், இங்கே அப்படியே மாற்றியாயிற்று.

வள்ளம்

முதல் வடிவம் அசையவே இல்லை. ‘ஸ்டைல் லெஃப்ட்’டை வாசித்து, எண்ணாக்கி, 4 கழித்து, திருப்பி எழுதும் கோட். லெஃப்ட் மதிப்பு சிஎஸ்எஸ் கோப்பில் இருந்தது. ‘ஸ்டைல்’ என்பது அந்த எலிமென்டின் மேலேயே எழுதியதை மட்டும் காட்டும். கிடைத்தது வெற்றுச் சரம், எண்ணாக்கினால் ‘நாட் எ நம்பர்’, அதிலிருந்து 4 கழித்தாலும் அதுவே. திரையில் உள்ள உண்மை மதிப்பு வேண்டுமானால் ‘கெட்கொம்ப்யூட்டட்ஸ்டைல்’. எழுதும்போது ‘பிஎக்ஸ்’ அலகை விட்டாலும் பிரவுசர் பேசாமல் தள்ளிவிடும்.

ஆனால் நிலையைப் பக்கத்திடம் கேட்கும் பழக்கமே வேண்டாம். ஒரு மாறியில் வைத்துக்கொண்டு பக்கத்துக்கு எழுத மட்டும் செய்யுங்கள்.

பறப்பதன் கணக்கு இது. ‘ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம்’ திரையின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு முறை அழைக்கும். ஃபிரேமுக்கு 4 பிக்சல் என்றால் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 240. போன் அகலத்தைக் கடக்க ஒன்றரை நொடி. 120 ஹெர்ட்ஸில் நொடிக்கு 480; முக்கால் நொடியில் மறைந்துவிடும். அழைக்கும்போது வரும் நேரக்குறியை எடுத்து, சென்ற முறையிலிருந்து எத்தனை மில்லிநொடி என்று கழித்து, அதை 1000ஆல் வகுத்து நொடியாக்கி, வேகத்தால் பெருக்குங்கள். வேகத்தை நொடிக்கு இத்தனை பிக்சல் என்று வையுங்கள். இங்கே 50 போதும், புறாமலைக்குப் போகிற வள்ளம் இவ்வளவு அவசரப்படத் தேவையில்லை. பயனர் வேறு தாவலுக்குப் போய்விட்டு வந்தால் இடைவெளி பல நொடியாகி வள்ளம் ஒரே பாய்ச்சலில் போய்விடும். இடைவெளியை 50 மில்லிநொடிக்கு மேல் ஏறவிடாமல் கட்டுங்கள். ஓட்டும் ஃபங்ஷனை இரு தடவை தொடக்கிவிட்டாலும் இரு மடங்கு வேகம் வரும். திருப்பித் தரும் இலக்கத்தை வைத்திருந்து, புதிதாகத் தொடக்குமுன் பழையதை ரத்துச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, கடைசியில் அந்தக் கோடையே அழித்தோம். நேர்கோட்டில் போய்த் திரும்ப வரும் ஒரு படத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. சிஎஸ்எஸ் ‘கீஃப்ரேம்ஸ்’, 9 நொடி, ‘ட்ரான்ஸ்ஃபோர்ம் ட்ரான்ஸ்லேட்எக்ஸ்’. லெஃப்டை அசைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்க அமைப்பைப் பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டும். ட்ரான்ஸ்ஃபோர்ம் என்றால் தயாரான படத்தை நகர்த்துவதோடு வேலை முடிந்தது. விலை குறைந்த போனில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வராத படங்கள், வெடிக்கும் விலைப்பட்டியல்

படங்கள் திரைக்குள் வரும்போது தோன்ற வேண்டும். ஒப்சர்வருக்கு ‘த்ரெஷோல்ட் 0.5’ கொடுத்து, அறைப் பகுதி முழுவதையும் பார்க்கச் சொல்லியிருந்தது. மடிகணினியில் மூன்று மூன்றாக நிற்கும் படங்கள் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாகி 2400 பிக்சல் ஆகின்றன. திரை உயரம் 640 என்றால் அந்தப் பகுதியில் ஒரே நேரத்தில் அதிகமாகத் தெரியக்கூடியது 27 சதவீதம். பாதி தெரியும் நேரம் வரவே வராது. பகுதியை விட்டு ஒவ்வொரு படமாகப் பார்க்கச் சொல்லி, த்ரெஷோல்டை 0.1 ஆக்கினோம். தோன்றிய படத்தை ‘அன்ஒப்சர்வ்’ செய்துவிடலாம். ஒப்சர்வ் சொன்ன உடனே, திரையில் இல்லாவிட்டாலும், ஒரு தடவை அது கூப்பிடும். ‘இஸ்இன்டர்செக்டிங்’ (இப்போது திரைக்குள் இருக்கிறதா) பார்க்காமல், படத்தைத் தோன்றவைக்கும் கிளாஸைச் சேர்த்தால் எல்லாப் படமும் ஒரேயடியாகத் தோன்றிவிடும்.

மறைக்கும் விதியைச் சிஎஸ்எஸ்ஸில் நேரடியாக எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் பக்கம் முழுக்க வெறுமை. ஸ்கிரிப்டின் முதல் வரி எச்டிஎம்எல்லுக்கு ஒரு கிளாஸ் சேர்க்கட்டும். அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டும் மறைக்கட்டும்.

விலைப்பட்டியல் மெதுவாக விரிய வேண்டியது டக்கென்று வெடிக்கிறது. ‘டிஸ்ப்ளே நன்’னிலிருந்து ‘ப்ளொக்’குக்கு மாற்றி அடுத்த வரியிலேயே ஒபாசிட்டியை (0 என்றால் தெரியாது, 1 என்றால் முழுதாகத் தெரியும்) 1 ஆக்கினால், பிரவுசர் இரண்டையும் சேர்த்து இறுதி நிலையை மட்டுமே பார்க்கிறது. தொடக்க நிலை என்று ஒன்று இல்லாததால் மாற்றம் என்றும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவில் ‘ஓஃப்செட்ஹைட்’டை ஒரு முறை வாசித்தால் பிரவுசர் அந்த இடத்தில் கணக்கிட்டே ஆக வேண்டும், பிறகு ஒபாசிட்டி மெல்ல ஏறும். உயரமும் விரிய வேண்டுமென்றால் கிரிட் வரியை ‘0 எஃப்ஆர்’ இலிருந்து ‘1 எஃப்ஆர்’ ஆக்குங்கள், உள் டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுங்கள்.

புள்ளி வட்டம்

தலைப்பில் ‘திருக்கோணமலை’ எழுத்தெழுத்தாகத் தட்டச்சாக வேண்டும். வெற்றுச் சரத்தால் ‘ஸ்ப்ளிட்’ செய்தால் 12 துண்டு: த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று. ஒவ்வொரு துண்டும் தனி ஸ்பானுக்குள் (வரிக்குள் நிற்கும் சிறு எலிமென்ட்) நிற்பதால் குறிகள் பிடிக்க எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தோடு தெரிகின்றன. ‘அரே ஃப்ரம்’ போட்டாலும் அதே 12. நமக்கு வேண்டியது தி, ரு, க், கோ, ண, ம, லை என்ற 7. ‘இன்ட்ல் செக்மென்டர்’ அதற்கென்றே இருக்கிறது. ‘கிராஃபீம்’ அளவில் வெட்டச் சொன்னால் 7 தரும். ஃபயர்ஃபொக்ஸில் அது 2024இல் 125ஆம் பதிப்பில்தான் வந்தது. பழைய பிரவுசருக்கு, ‘யூ’ கொடியுள்ள ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று: சேர்குறி அல்லாத ஒரு குறி, அதன் பின்னால் சேர்குறிகள் எத்தனையும். இரண்டிலும் ‘ஸ்ரீ’ மட்டும் ஸ், ரீ என்று பிரியும்; தலைப்பில் அது வந்தால் கையால் ஒட்டிவையுங்கள்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், ஏழு ஸ்பானையும் முதலிலேயே வைத்து ஒபாசிட்டியை மட்டும் ஏற்றுவது நல்லது. சேர்த்துக்கொண்டே போனால் சிறிய திரையில் வரி மடியும் கணத்தில் கீழே உள்ள பக்கம் முழுவதும் ஒரு துள்ளுத் துள்ளும்.

போன் அமைப்பில் அசைவுகளை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு ‘ப்ரிஃபர்ஸ் ரிடியூஸ்ட் மோஷன்’ விதி: தலைப்பு முழுதாக நிற்கும், படங்கள் மறையாது, வள்ளம் கடலின் நடுவில் நங்கூரமிட்டிருக்கும். இதைச் சோதிக்கும்போது வள்ளம் முதலில் காணாமல் போனது. அனிமேஷனை நிறுத்தியதும் அது தன் தொடக்க இடத்துக்கு, திரைக்கு வெளியே, போய்விட்டது. அந்த விதிக்குள் ட்ரான்ஸ்லேட்எக்ஸ் 40 விடபிள்யூ (திரை அகலத்தில் 40 சதவீதம்) என்று ஒரு வரி சேர்த்தோம்.